பூவரச மரத்தில் ஒரு பச்சைச் சட்டை

எங்கள் வீட்டில் எனக்குத் தொடப்பக்கட்டை என்று பெயர். வைத்தவன் என் கொழுந்தன். காலையில் கண்ணைத் திறந்தால் அண்ணி தொடப்பத்தோடுதான் தெரிகிறார் என்பான். எனக்கு அதில் கோபம் வந்ததில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஒரு பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். பள்ளியில் என் வகுப்பறை, வீட்டில் என் அடுப்படி, சர்ச்சில் பீடத்துப் பித்தளைச் சாமான் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். இப்போது யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

2008 பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்துப் பக்கம் தோட்ட பங்களா கட்டி வாழ்ந்த ஒரு துரையின் வம்சத்தில் வந்த அம்மாள் ஒருவர் சீமையிலிருந்து வருகிறாராம். பங்களாவின் தோட்டத்தைப் பார்க்க வேண்டும், எங்கள் சர்ச்சில் இருக்கும் அவர்கள் குடும்பத்துக் கல்லறைகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

"சிஸ்டர், ரெண்டு வாரந்தான் இருக்குது. அந்தக் கல்லறைங்கள கொஞ்சம் பாக்குற மாதிரி பண்ணிடுங்க. மரத்துல தொங்குது பாருங்க, அதையும் எடுத்துடுங்க. வெளிநாட்டுக்காரங்க பாத்தா நம்ம சபையப் பத்தி என்னா நெனைப்பாங்க?" என்றார் பாஸ்டர்.

மரத்தில் தொங்கியவை தொட்டில்கள். சர்ச்சுக்குப் பின்னால், இரும்புக் கிராதி போட்ட ஒரு கல்லறையை ஒட்டி ஒரு பூவரச மரம் நின்றது. அந்தக் கல்லறைக்குள் இருப்பவர் துரையின் மனைவி. ஊரில் அதைத் தொரசாணி கல்லறை என்பார்கள். சர்ச்சுக்குள் சுவரில் அவருக்கென்று ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பமும் உண்டு. ஒரு பெண் தலை குனிந்து ஒரு ஜாடியின் மேல் சாய்ந்திருப்பாள், முக்காடு போட்டிருப்பாள். அந்த முக்காட்டைப் பார்த்துவிட்டு யாரோ எப்போதோ அவளை மாதா என்று முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் சபையில் மாதாவுக்குச் சுரூபம் வைக்கும் வழக்கமே இல்லை என்று யார் எடுத்துச் சொன்னாலும் கேட்பாரில்லை. பிள்ளையில்லாத பெண்கள் வருவார்கள். இந்துப் பெண்கள் வருவார்கள், லால்பேட்டையிலிருந்து முஸ்லிம் பெண்கள்கூட வருவார்கள் என்று கேள்வி. சுவர்ச் சிற்பத்தைக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் வந்து, கந்தல் துணியில் கையகலத்துக்குத் தொட்டில் கட்டி, உள்ளே ஒரு கூழாங்கல்லைப் படுக்கவைத்து, பூவரசங்கிளையில் முடிந்துவிட்டுப் போவார்கள். மழையிலும் வெயிலிலும் நைந்து, காக்கை எச்சம் பட்டு, அந்த மரம் பார்க்கவே அசிங்கமாக இருக்கும். பாஸ்டர் சொன்னதும் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

சனிக்கிழமை காலையில் சங்கத்துப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லறைகளைத் தேய்த்துக் கழுவினோம். கிராதிக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தோம். மரத்தடிக்கு வந்ததும் எல்லோரும் பின்வாங்கினார்கள். "பயமா இருக்குது சிஸ்டர், எந்தப் பொம்பள என்னா வேண்டிக்கிட்டு கட்டினாளோ" என்றாள் ஒருத்தி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீங்களெல்லாம் ஞாயிறு தவறாமல் விசுவாசப்பிரமாணம் சொல்கிறவர்கள்தானா என்று கேட்டுவிட்டு, தொரட்டியை நானே வாங்கி, நானே இழுத்து இழுத்து அறுத்தேன். ஒரு பெரிய சாக்கு நிறைந்தது.

சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்மதில் ஓரம் கொட்டித் தீ வைத்தோம். கடைசியாக விழுந்ததை மட்டும் கையிலேயே வைத்திருந்தேன், ஏன் என்று தெரியாது, அது மற்றவற்றைப்போலக் கந்தலாக இல்லை. பிரித்தேன். உள்ளே கல் இல்லை. அது தொட்டிலும் இல்லை. இளம்பச்சையில் ஒரு குழந்தைச் சட்டை, கைகள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். கழுத்தைச் சுற்றி மஞ்சள் நூலில் பின்னல். அந்தப் பின்னல் என்னுடையது. அந்தத் துணி என் புடவை.

என் கொழுந்தனின் மனைவியை வீட்டில் சின்னவள் என்போம். கம்மாபுரத்துப் பெண். ஆங்கில இலக்கியம் படித்தவள், கடலூரில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. கொழுந்தன் மஸ்கட்டில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவான். நானும் என் கணவரும் எங்கள் இரண்டு பிள்ளைகளும் சின்னவளும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். 2005 கோடையில் அவளுக்கு எட்டாம் மாசம். பிறப்பதற்கு முன்பு புதுத்துணி எடுக்கக் கூடாது என்பதால் என் பழைய வாயில் புடவையைக் கிழித்து நான் நாலைந்து சட்டைகள் தைத்து வைத்தேன். ஒரு மத்தியானம் பிள்ளை அசையவில்லைக்கா என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மயக்க மருந்து கொடுத்து அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. உயிர் இல்லை.

நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் பார்த்தேன். பிறகு, "அவ கண்ணு முழிக்கிறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க. பாத்தா தாங்க மாட்டா" என்று என் கணவரிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். தாய்க்குக் காட்ட மாட்டார்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம் வைப்பதும் இல்லை. ஆண்களில் யாராவது எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்து தலை முழுகுவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். அவரும் போனார், வந்தார், முழுகினார். நான் வீட்டுக்கு ஓடி, சின்னவள் திரும்பி வருவதற்குள் சட்டைகள், மருதாணிக் கிண்ணம், வசம்பு வளையல், வாங்கி வைத்த சோப்பு டப்பா எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண் மேல் ஏற்றி அப்புறப்படுத்தினேன். வீடு துடைத்துவிட்ட மாதிரி ஆனது. நல்ல காரியம் செய்த நிம்மதியில் அன்று அசந்து தூங்கியும்விட்டேன். அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒரே ஒரு தடவை அவள் கேட்டாள். "எங்கக்கா வச்சாங்க?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா. மறந்துடு, அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்றேன்.

அதற்குப் பிறகு கேட்கவில்லை. அடுத்தது பிறக்கவும் இல்லை. அந்த மூட்டையிலிருந்து ஒரு சட்டையை மட்டும் அவள் எனக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது, தீ எரிந்துகொண்டிருந்த மதிலோரம் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஐயோ, இவளும் பிள்ளை கேட்டு வந்திருக்கிறாளே என்று நினைத்தேன். எங்களிடம் சொல்ல முடியாமல், யாருக்கும் தெரியாமல் வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். கட்டியவள் பிள்ளை பிறந்த பிறகு தானே வந்து அவிழ்க்க வேண்டும் என்பது அந்த மரத்து வழக்கம். அதை இரண்டு பிள்ளை பெற்ற நான் தொரட்டி போட்டு அறுத்திருக்கிறேன். எனக்கு அந்த மரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அதைத் தீயில் போடக் கை வரவில்லை. சட்டையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

மறுபடி கட்டிவிடலாமா என்று பார்த்தால், கழுவித் துடைத்த மரத்தில் அது ஒன்று மட்டும் தொங்கினால் பாஸ்டர் கண்ணில் முதலில் அதுதான் படும். சின்னவளிடம் சொல்லலாம் என்றால் வாய் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். "என்னாக்கா, சோறு அப்படியே இருக்குது" என்று அவள் கேட்க, தலைவலி என்றேன்.

பங்களாச் சாவி சிதம்பரத்தில் இருந்தது. பங்களா பல கை மாறி இப்போது அங்கேயுள்ள ஒரு அரிசி மண்டிக்காரருடையது. சிதம்பரம் எனக்குப் பிறந்த ஊர் என்பதால் சாவி வாங்கிவரும் வேலையும் என் தலையில் விழுந்தது. பஸ்ஸில் போகவர முழு நேரமும் பை கையிலேயே இருந்தது. கூட்டத்தில் நின்றபோது, உட்கார்ந்திருந்த யாரோ வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று கை நீட்ட, வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தங்கம் கொண்டுபோகிறேன் என்று நினைத்திருப்பார்.

வருகிற அம்மாள் பேசும் ஆங்கிலத்தை யார் தமிழில் சொல்வது என்ற பேச்சு வந்தபோது பாஸ்டர், "உங்க சின்னவங்க இருக்காங்களே" என்றார். வேண்டாம் என்று எந்தக் காரணத்தைச் சொல்வது? அவளும் சந்தோஷமாகச் சரி என்றாள். அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த நாளும் வந்தது. வாடகைக் காரில் வந்து இறங்கினார் அந்த அம்மாள். எழுபது வயதிருக்கும், ஒல்லி, வெயிலில் முகம் சிவந்து கிடந்தது. தனியாகத்தான் வந்திருந்தார். முதலில் தோட்டத்துக்குப் போனோம். தோட்டம் என்று பெயர்தான். நுழைவிலிருந்து பங்களாப் படிவரை இரண்டு பக்கமும் கிழட்டு மாமரங்கள், அவற்றில் பாதி பிறகு 2011இல் வந்த தானே புயலில் விழுந்துவிட்டன. நடுவில் தண்ணீர் பீச்சும் தொட்டி ஒன்று காய்ந்து, உள்ளே ஊமத்தை முளைத்திருந்தது. மதிலோரம் நாகலிங்க மரம் பூத்துத் தரையெல்லாம் உதிர்ந்து கிடந்தது. மூலையில் ஒரு கல் பெஞ்சு. அந்த அம்மாள் அதில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தார். அவர் சொன்னதைச் சின்னவள் தமிழில் சொன்னாள்: இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்கள் யார், மரம் வைத்தவர்கள் யார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை, நான் இங்கே உட்காருவதே சரியா என்று தெரியவில்லை. பாஸ்டர் அவசரமாக, "சேச்சே, அப்படியெல்லாம் நெனைக்க வேணாம்னு சொல்லும்மா" என்றார். எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. அதனால் இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

சர்ச்சுக்கு வந்தோம். சுவர்ச் சிற்பத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு பின்பக்கம் போனோம். சின்னவள் எனக்கு முன்னால் நடந்தாள். மூலை திரும்பியதும் அவள் நடை நின்றது. மொட்டை மரத்தையே பார்த்தாள். கிளைகளில் ஒவ்வொன்றாகக் கண் போனது, தாழ்ந்த ஒரு கிளையில் வந்து நின்றது. பிறகு சட்டென்று அந்த அம்மாள் பக்கம் திரும்பி, கால் தடுக்கப்போகிறது பார்த்து வாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த அம்மாள் கல்லில் இருந்ததைப் படிக்கப் படிக்கச் சின்னவள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். துரையின் மனைவி, இருபத்திரண்டு வயது, கப்பல் ஏறி இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கூடவே அவருடைய மகள், பிறந்த அன்றே போய்விட்டது, பெயர் வைக்கவில்லை. தாய் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நான்தான் கிராதியைப் பிடித்துக்கொண்டேன். அடித்து ஒரு வாரமாகியும் பெயிண்ட் பிசுபிசுத்துக் கையில் ஒட்டியது.

அப்போது அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். சுனாமி நிவாரணத்துக்கு வந்த யாரோ எடுத்தது. அதே மரம், கிளை தெரியாமல் தொட்டில்கள். இவை எங்கே என்று கேட்டார்.

பாஸ்டர் பெருமையாகச் சிரித்தார். "அதெல்லாம் தெரியாத ஜனங்க பண்றதுங்கன்னு சொல்லும்மா. இவுங்க வராங்கன்னு எல்லாத்தையும் எடுத்து எரிச்சி சுத்தம் பண்ணிட்டோம். நம்ம சிஸ்டர்தான் முன்ன நின்னு செஞ்சாங்க, அதையும் சொல்லு."

அவள் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள், எரித்தது உள்பட. கடைசியில் என் பக்கம் கையைக் காட்டினாள். என்னை அவள் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் முகம் சுருங்கிப்போனது. அவர் மெதுவாகப் பேச, சின்னவள் பாஸ்டருக்குச் சொன்னாள். "அவுங்க குடும்பம் இந்தத் தொரசாணிய இங்க வச்சிட்டு கப்பல் ஏறிடுச்சாம். அதுக்கப்புறம் ஒருத்தரும் வந்து பாக்கலியாம். இந்தப் போட்டோவைப் பாத்தப்ப, பரவால்ல, யாரோ பொம்பளைங்க தொணைக்கு இருந்திருக்காங்கன்னு தோணுச்சாம். அந்தப் பொம்பளைங்களையும் பாக்கலாம்னுதான் வந்தாங்களாம்."

பாஸ்டர், டீ சாப்பிடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் நேராகப் பின்பக்கம் போய்க் கிணற்றடிப் படியில் உட்கார்ந்தாள். நான் போய்ப் பையிலிருந்து சட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா. உன்னுதுன்னு தெரிஞ்சிருந்தா கைய வச்சிருக்க மாட்டேன்."

"அப்ப மத்தவங்களத மட்டும் அறுத்திருப்பீங்களாக்கா?"

அவள் முடிச்சை அவிழ்த்து, சட்டையை முழங்காலின் மேல் விரித்து நீவிவிட்டாள்.

"நானே கூட வரேன், மறுபடியும் கட்டிடலாம். கண்டிப்பா உனக்குப் பொறக்கும்" என்றேன். எப்படியாவது சமாதானம் செய்துவிட வேண்டும் எனக்கு, அதற்காக நம்பாத மரத்தைக்கூட நம்பத் தயாராக இருந்தேன்.

"நான் பிள்ளை கேட்டுக் கட்டலக்கா. அந்தக் கல்லுல எழுதியிருக்கறத நான் அப்பவே படிச்சிட்டேன். எல்லாரும் தொரசாணி பிள்ளை குடுப்பான்னு வராங்க. பாவம், அவளே பறிகுடுத்தவ. ஆனா அவளுக்கு ஒரு கல்லு இருக்குது. பிள்ளை பக்கத்துலயே இருக்குது. என் பிள்ளை எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. அதான், இதையும் சேத்து பாத்துக்கோன்னு அவகிட்ட விட்டுட்டு வந்தேன்."

நான் எழுந்து உள்ளே போனேன். என் கணவர் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, அன்றைக்குப் பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். எதற்கு இப்போது என்று அவர் கேட்கவில்லை.

"கெடிலம் ஆத்துக் கரையில. ஒரு கல்லு நட்டு வச்சிட்டுதான் வந்தேன். அந்த வருஷ மழையில வெள்ளம் வந்துச்சே, கரையே போயிடுச்சி. இப்ப அங்க தண்ணிதான் ஓடுது. வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு அப்பப்ப போய்ப் பாத்துட்டு வருவேன்."

"ஏன் சொல்லல?"

"நீதான் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்ன."

ஆமாம், நான்தான். ஒரு நிமிஷம் இதையும் மறைத்துவிடலாமா என்று தோன்றியது. பிள்ளை கரையோரம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், சின்னவள் தாங்குவாள். பழைய புத்தி அத்தனை சீக்கிரம் போய்விடுகிறதா என்ன. கூடத்துக்கும் கிணற்றடிக்கும் நடுவில் நின்று அந்த நினைப்பை விழுங்கிவிட்டு, போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். கரை, கல், வெள்ளம், அவருடைய வாக்கிங் எல்லாவற்றையும். இப்போது அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை.

"மாமா போய்ப் பாப்பாரா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சட்டையின் கழுத்துப் பின்னலை விரலால் தடவிக்கொண்டே, "நீங்க பாத்தீங்க இல்லக்கா?" என்றாள்.

"என்னா?"

"பாப்பாவ. நீங்க பாத்தீங்க. எனக்குக் காட்டல, நீங்க பாத்தீங்க. எப்படி இருந்தா?"

மூன்று வருஷம் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அவளுக்குச் சோறு போட்டேன், தலை பின்னிவிட்டேன், மறந்துடு மறந்துடு என்று சொன்னேன். பெற்றவளுக்குத் தெரியாத அந்த முகத்தை நான் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். தலை நிறைய முடி, ஈரத்தில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. நிறம் என் கொழுந்தன் நிறம். மூக்கு சின்னவளுடையதுதான், நுனியில் அதே சப்பை. இடது காது மடல் கொஞ்சம் மடங்கியிருந்தது. கை மூடியிருந்தது, நான் ஒரு விரலைப் பிரித்துப் பார்த்தேன்.

"நகம் வளந்திருந்துச்சாக்கா?"

"வளந்திருந்துச்சி. குட்டி குட்டியா."

அவள் தன் கையை விரித்து நகங்களைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "மொதல்லேர்ந்து சொல்லுங்கக்கா" என்றாள். நான் முதலிலிருந்து சொன்னேன்.